தெரியாததை அளந்து வைத்திருப்பது கர்வமா?

கேள்வி இது: "பிரபஞ்சத்தில் 95 சதவீதம் என்னவென்றே தெரியாது என்று விஞ்ஞானிகளே சொல்கிறார்கள். மிச்சமிருக்கும் 5 சதவீதத்தை வைத்துக்கொண்டு பெருவெடிப்பு, 1380 கோடி ஆண்டு என்று அடித்துப் பேசுவது அறிவின் கர்வம் இல்லையா? மனித மூளைக்கு எட்டாத விஷயம் என்று பணிவாக ஒப்புக்கொண்டுவிட்டால் என்ன?"

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. விஞ்ஞானிகளுக்குக் கர்வமா என்பது ஒன்று. எட்டாது என்று விட்டுவிடலாமே என்பது இன்னொன்று. முதலாவதற்கு என் பதில்: தனி மனிதர்களாகப் பார்த்தால் பலருக்குக் கர்வம் உண்டு, சிலருக்கு மலையளவு உண்டு. இரண்டாவதற்கு: எட்டாது என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுவதை நான் பணிவில் சேர்க்க மாட்டேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 95 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். "தெரியாதது நிறைய இருக்கும்" என்று குத்துமதிப்பாகப் போட்ட எண் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அணுக்களால் ஆன சாதாரணப் பொருள், அதாவது நீங்கள், நான், கல், கடல், நட்சத்திரம் எல்லாம் சேர்ந்து மொத்தக் கணக்கில் ஏறக்குறைய 5 சதவீதம். ஈர்ப்பின் மூலம் மட்டுமே தன்னைக் காட்டிக்கொள்கிற, ஒளியோடு எந்தச் சகவாசமும் வைத்துக்கொள்ளாத ஒன்று 27 சதவீதம். டார்க் மேட்டர் என்பது இதைத்தான். கரும்பொருள் என்று தமிழில் எழுதுகிறார்கள். பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்துகிற ஏதோ ஒன்று 68 சதவீதம். அது டார்க் எனர்ஜி, கரும் ஆற்றல்.

அந்த 5 சதவீதத்தை இரண்டு வழியில் அளந்திருக்கிறார்கள். பிரபஞ்சம் பிறந்த முதல் சில நிமிடங்களில் ஹைட்ரஜன், ஹீலியம் ஆகியவற்றோடு டியூட்டிரியம் என்கிற கன ஹைட்ரஜனும் கொஞ்சம் உருவானது. அன்றைக்குப் பொருள் நெருக்கமாக இருந்திருந்தால் அந்த டியூட்டிரியத்தில் பெரும்பகுதி ஹீலியமாக மாறிப்போயிருக்கும். தளர்வாக இருந்திருந்தால் அதிகம் மிஞ்சியிருக்கும். ஆகவே எவ்வளவு மிஞ்சியது என்று பார்த்தால் எவ்வளவு பொருள் இருந்தது என்று தெரிந்துவிடும். வெகு தொலைவில், நட்சத்திரங்களுக்குள் போய் வேகாத வாயு மேகங்களில் அளந்து பார்த்தால் ஒரு லட்சம் ஹைட்ரஜனுக்குச் சுமார் இரண்டரை டியூட்டிரியம் இருக்கிறது. இது முதல் வழி.

இரண்டாவது வழி, பிரபஞ்சத்துக்கு 3,80,000 வயதானபோது கிளம்பிய பழைய ஒளி. இன்று அது வானம் முழுக்க மைக்ரோவேவாக, மைனஸ் 270 டிகிரிக் குளிராக நிரம்பியிருக்கிறது. 2009ல் ஏவப்பட்ட பிளாங்க் செயற்கைக்கோள் அதில் இருக்கும் மிக நுண்ணிய வெப்பத் திட்டுகளை அளந்தது. அந்தத் திட்டுகளின் அளவும் வலுவும் எந்தப் பொருள் எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்தவை. ஒன்று முதல் சில நிமிடங்களின் அணுக்கரு இயற்பியல். மற்றது லட்சக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ஒளியின் கணக்கு. ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு சாட்சிகள் ஒரே எண்ணைச் சொல்கிறார்கள்.

கரும்பொருள் என்ன துகள் என்று தெரியாது. எவ்வளவு இருக்கிறது என்பது தெரியும். பின்னாலிருந்து வரும் ஒளி எங்கே எவ்வளவு வளைகிறது என்று பார்த்து, அது எங்கே குவிந்திருக்கிறது என்று வரைபடம் போடவும் தெரியும். கற்றது கைம்மண் அளவு என்று நாம் மேடைக்கு மேடை சொல்கிறோம். இங்கே கைம்மண்ணையும் எடை போட்டு, மிச்சத்தையும் எடை போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் கர்வம் தெரியவில்லை. தெரியாததை இவ்வளவு துல்லியமாகச் சொல்லத் துணிந்தவர்கள் அதற்கு முன் இருந்ததில்லை.

சரி, கர்வத்துக்கு வருவோம். அதைப் பற்றிப் பேச உர்பேன் லெவெரியேயை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து கிடையாது. 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வானியலாளர்.

1781ல் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டுபிடித்தார். அதன் பாதையை நியூட்டனின் விதிப்படி கணக்கிட்டு அட்டவணை போட்டார்கள். சில பத்தாண்டுகளில் கிரகம் அட்டவணையை மதிக்காமல் போக ஆரம்பித்தது. இதற்கு இரண்டு விளக்கம்தான் இருக்க முடியும். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கிரகம் அதை இழுக்கிறது. அல்லது அவ்வளவு தூரத்தில் நியூட்டனின் விதியே கொஞ்சம் மாறுகிறது. இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரிக்கு இரண்டாவது பக்கம் சாய்வு இருந்தது. லெவெரியே முதல் பக்கம். தொலைநோக்கியைத் தொடாமல், பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்து, இல்லாத கிரகம் எங்கே இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். இங்கிலாந்தில் ஜான் கவுச் ஆடம்ஸும் தனியாக அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்.

பாரிஸில் யாரும் மும்முரமாகத் தேட முன்வராததால் லெவெரியே பெர்லின் வானாய்வகத்தில் இருந்த யோஹான் காலேவுக்குக் கடிதம் எழுதினார். கடிதம் போய்ச் சேர்ந்தது 1846 செப்டம்பர் 23 அன்று. அன்று இரவே காலே தொலைநோக்கியில் உட்கார்ந்துவிட்டார். ஹைன்ரிக் டாரெஸ்ட் என்ற மாணவர், புதிதாக அச்சான நட்சத்திர வரைபடம் ஒன்று இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு ஒப்பிடலாம் என்றார். காலே ஒவ்வொரு நட்சத்திரமாகச் சொல்லச் சொல்ல, டாரெஸ்ட் வரைபடத்தில் சரிபார்த்துக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரத்தில், இப்போது சொன்ன நட்சத்திரம் படத்தில் இல்லை என்று கத்தினார். அதுதான் நெப்டியூன். லெவெரியே குறித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் இருந்தது.

மனித மூளையின் வரலாற்றில் இதற்கு இணையான வெற்றிகள் குறைவு. லெவெரியேக்குத் தலை கனத்ததென்றால் அதில் ஆச்சரியம் என்ன? பிறகு பாரிஸ் வானாய்வகத்துக்கே இயக்குநராகி, கீழே வேலை பார்த்தவர்களைப் படாதபாடு படுத்தி, 1870ல் பதவியிழந்து, மூன்று வருடம் கழித்து மறுபடி வந்து உட்கார்ந்தார். அது தனிக் கதை.

இதற்கிடையில், 1859ல் அவர் புதன் கிரகத்தை எடுத்துக்கொண்டார். புதனின் பாதை ஒரு நீள்வட்டம். அந்த நீள்வட்டமே மெல்லச் சுழல்கிறது. மற்ற கிரகங்களின் இழுப்பையெல்லாம் கணக்கில் சேர்த்த பிறகும், நூறு ஆண்டுக்கு 38 விகலை மிச்சம் நின்றது. இன்றைய அளவு 43 விகலை. பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு விகலை தெரிந்திருக்கும்: ஒரு பாகையில் 3600ல் ஒரு பங்கு. 43 விகலை வீதம் நகர்ந்தால் முழுநிலவின் அகலத்தைக் கடக்க நாலாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். அந்தச் சின்ன மிச்சத்தைக் கூட அவர் அலட்சியப்படுத்தவில்லை. அதுதான் அவருடைய அறிவின் பெருமை. அப்புறம் என்ன செய்தார் என்றால், யுரேனஸுக்குச் செய்ததையே புதனுக்கும் செய்தார். சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே தெரியாத கிரகம் ஒன்றோ, சின்னக் கிரகங்களின் கூட்டமோ இருக்க வேண்டும் என்றார்.

சொன்ன மூன்றே மாதத்தில் சாட்சி கிடைத்தது. பாரிஸுக்குத் தென்மேற்கே ஓர்ஷேர் என்ற கிராமத்தில் லெஸ்கார்போ என்று ஒரு வைத்தியர். வானம் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. 1859 மார்ச் மாதம் சூரியன் மேல் ஒரு கறுப்புப் புள்ளி நகர்ந்து போனதைத் தான் பார்த்ததாக அவர் கடிதம் எழுதினார். லெவெரியே முன்னறிவிப்பே இல்லாமல் கிராமத்துக்குப் போய், தான் யார் என்று சொல்லாமல் வைத்தியரைக் குறுக்கு விசாரணை செய்தார். வைத்தியரின் கடிகாரத்தில் நொடி முள் இல்லை. தந்தப் பந்து ஒன்றை நூலில் தொங்கவிட்டு ஆட்டி நொடி எண்ணியிருந்தார். காகிதச் செலவு பார்த்துக் கணக்கையெல்லாம் மரப்பலகையில் எழுதி, இடம் தீர்ந்ததும் இழைத்துவிட்டு மறுபடி எழுதுவார். லெவெரியே இதையெல்லாம் பார்த்துவிட்டு முழுத் திருப்தியோடு பாரிஸ் திரும்பினார். வைத்தியருக்கு பிரான்ஸின் உயரிய விருது கிடைத்தது. கிரகத்துக்கு வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. பிரேசிலில் இருந்த இம்மானுவேல் லியே என்ற பிரெஞ்சு வானியலாளர், அதே நேரத்தில் இதைவிட நல்ல தொலைநோக்கியில் சூரியனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எதுவும் போகவில்லை என்று எழுதினார். அவர் பேச்சு எடுபடவில்லை. நெப்டியூனைக் கண்டுபிடித்தவர் சொல்கிறார் என்றால் யார் எதிர்த்துப் பேசுவது?

வல்கனைப் பல வருடங்கள் தேடினார்கள். 1878ல் அமெரிக்காவில் வந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது பார்த்துவிட்டோம் என்று இரண்டு பேர் அறிவித்தார்கள், அதுவும் நிற்கவில்லை. லெவெரியே 1877ல், வல்கன் இருக்கிறது என்ற நம்பிக்கையோடே இறந்தார். 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தன் புதிய ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலைப் போட்டுப் பார்த்தபோது, புதனின் 43 விகலை தானாக வந்து விழுந்தது. கூடுதல் கிரகம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. இந்த முறை மாற வேண்டியிருந்தது நியூட்டனின் விதி.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது ஒன்று. லெவெரியே யுரேனஸில் சரி, புதனில் தப்பு. ஆனால் அவர் செய்தது இரண்டு இடத்திலும் ஒன்றே. அதே ஆள், அதே கணித முறை, அதே கவனம், அதே நம்பிக்கை. உள்ளே உட்கார்ந்து யோசிக்கிற மூளைக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசமே தெரிந்திருக்காது. மாற்றுப் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் இதே கதிதான். நியூட்டன் விதி தப்பாக இருக்கலாம் என்று 1840களில் சந்தேகப்பட்டவர்கள் பார்க்கப் பணிவானவர்கள், அவர்கள் தோற்றார்கள். ஆகவே ஒருவர் தன்னம்பிக்கையோடு பேசுகிறாரா அடக்கமாகப் பேசுகிறாரா என்பதை வைத்து அவர் சொல்வது சரியா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இதை நேரடியாக அனுபவித்தவர் சுப்ரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930ல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர். எரிந்து தீர்ந்த நட்சத்திரம் ஒன்று, சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு எடைக்கு மேல் இருந்தால், பூமியளவுக்குச் சுருங்கிய வெள்ளைக் குறுமீனாக நின்றுவிட முடியாது, மேலும் சுருங்கிக்கொண்டே போக வேண்டும் என்ற முடிவின் முதல் வடிவம் அந்தக் கடற்பயணத்தில்தான் உருவானது. 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் அதை விளக்கினார். அவருக்கு அடுத்துப் பேச எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். 1919 கிரகணத்தில் ஐன்ஸ்டைனின் கணிப்பைச் சோதித்து உலகப் புகழ் பெற்றவர். நட்சத்திரம் இப்படி அசட்டுத்தனமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்று அவர் சொல்ல, அவை சிரித்தது. அந்தக் கணக்குக்கு நோபல் பரிசு வர 1983 ஆனது.

பிற்காலத்தில் ஒரு பேட்டியில், பெரிய விஞ்ஞானிகள் வயதான பிறகு ஏன் தேங்கிப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது சந்திரசேகர் சொன்ன பதிலின் சாரம் இது: அவர்களுக்கு இயற்கையின் மேலேயே ஒருவித ஆணவம் வந்துவிடுகிறது, ஓரிடத்தில் மகத்தாக ஜெயித்ததால், விஷயங்களைப் பார்க்கும் விசேஷக் கண் தமக்கு இருப்பதாகவும் ஆகவே தாம் நினைப்பது சரியாகத்தான் இருக்கும் என்றும் எண்ணிவிடுகிறார்கள், ஆனால் இயற்கையின் அடியில் இருக்கும் உண்மைகள் எவ்வளவு பெரிய மூளையையும் மிஞ்சியவை. எடிங்டன் பெயரையும் அதில் சொன்னார். கசப்பாகச் சொல்லவில்லை. எடிங்டன் மேல் அவருக்குக் கடைசிவரை மரியாதை இருந்தது.

இனி இரண்டாவது கேள்வி. எட்டாது என்று ஒப்புக்கொண்டால் என்ன?

ஒப்புக்கொண்ட ஒருவரைக் காட்டுகிறேன். ஓகுஸ்த் கோம்த், பிரெஞ்சுத் தத்துவவாதி. 1835ல் அவர் எழுதினார்: நட்சத்திரங்களின் தூரத்தை அளக்கலாம், பருமனை, நகர்வை அறியலாம், அவை எந்தப் பொருளால் ஆனவை என்பதை எந்த வழியிலும் நம்மால் ஒருபோதும் அறிய முடியாது. எவ்வளவு நியாயமாகத் தோன்றுகிறது பாருங்கள். அங்கே போக முடியாது, ஒரு பிடி எடுத்துவர முடியாது, பிறகெப்படி? அவர் 1857ல் இறந்தார். இரண்டே வருடத்தில் ஹைடல்பர்க் நகரில் கிர்க்காஃபும் புன்சனும், ஒவ்வொரு தனிமமும் ஒளியில் தனக்கே உரிய கோடுகளைப் பதிக்கிறது என்று காட்டினார்கள். சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்தால் அங்கே சோடியம் இருக்கிறது, இரும்பு இருக்கிறது என்று வரிசையாகப் படிக்கலாம்.

அதற்கடுத்த கட்டம் நம் பக்கத்திலேயே நடந்தது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். பிரெஞ்சுக்காரரான ஜான்சன் குண்டூரில் முகாம் போட்டார். சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினம் போனார். சூரியனின் விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளின் ஒளியில் பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியத்தின் மஞ்சளுக்கு மிக அருகே, ஆனால் அதே இடத்தில் இல்லை. அன்று பூமியில் தெரிந்திருந்த எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தவில்லை. சில வாரம் கழித்து இங்கிலாந்தில் நார்மன் லாக்யர் கிரகணம் இல்லாமலே அதைப் பார்த்தார். சூரியனில் மட்டும் இருக்கும் புதுப்பொருள் என்று கருதி ஹீலியம் என்ற பெயர் வந்தது. 1895ல்தான் வில்லியம் ராம்ஸே அதை யுரேனியம் கலந்த ஒரு கனிமத்திலிருந்து பூமியிலேயே பிரித்தெடுத்தார். பிரபஞ்சத்தின் சாதாரணப் பொருளில் எடைக்கணக்கில் நாலில் ஒரு பங்கு ஹீலியம். அவ்வளவு சர்வசாதாரணமான ஒன்றை, எட்டவே எட்டாது என்று கோம்த் முத்திரை குத்திய இடத்திலிருந்துதான் முதலில் கண்டுபிடித்தோம்.

கோம்த்தின் வாக்கியம் அடக்கமாக ஒலிக்கிறது. ஆனால் அதைச் சொல்ல, இனி வரப்போகும் எல்லாத் தலைமுறைகளும் என்ன கருவி செய்வார்கள், என்ன யோசிப்பார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். லெவெரியேக்கு இருந்ததைவிடப் பெரிய தன்னம்பிக்கை அது. 'மூளைக்கு எட்டாது' என்பதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. நாலு பரிமாண வளைந்த வெளியை மனக்கண்ணில் பார்க்க யாராலும் முடியாது, ஐன்ஸ்டைனாலும் முடியாது. ஆனால் அதை எழுதிக் கணக்கிட முடிகிறது, விடை 43 விகலை என்று வருகிறது, வானத்தில் சரிபார்க்க முடிகிறது. ஒன்றரைக் கிலோகூட இல்லாத மூளைக்கு எட்டாத இடத்துக்குக் கணிதத்தைத் தூது அனுப்புகிறோம். கற்பனையில் வராததெல்லாம் அறிவுக்கு வராது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அப்படியானால் பணிவு எங்கேதான் இருக்கிறது? ஆட்களின் குணத்தில் தேடினால் ஏமாந்துபோவோம். வேலை செய்யும் முறைக்குள் அதைக் கட்டி வைக்கப் பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

கால-வெளியின் சிற்றலைகளான ஈர்ப்பலைகளைத் தேடிய லைகோ குழுவில் 2010ல் நடந்தது இது. செப்டம்பர் 16 அன்று கருவிகளில் அருமையான சைகை ஒன்று வந்தது. பெருநாய் விண்மீன் கூட்டத்தின் திசையிலிருந்து வந்தது போலத் தெரிந்ததால் 'பெரிய நாய்' என்று செல்லப்பெயர். பொய்ச் சைகை ஒன்றை யாருக்கும் சொல்லாமல் கருவிக்குள் செலுத்தும் அதிகாரம் ஒரு சிறு குழுவுக்கு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். இது அதுவா நிஜமா என்பதுதான் தெரியாது. மாதக்கணக்கில் அலசினார்கள். வெளியிடத் தயாராக ஆய்வுக்கட்டுரையும் எழுதி முடித்தார்கள். 2011 மார்ச்சில் கலிபோர்னியாவில் கூடி 'உறையைப் பிரித்தார்கள்'. பொய்ச் சைகைதான். நூற்றுக்கணக்கான பேர் அரை வருடம் உழைத்த கட்டுரை குப்பைக்குப் போனது. எவ்வளவு வயிற்றெரிச்சலாக இருந்திருக்கும்! ஆனால் தாங்களே தங்களை ஏமாற்றிக்கொள்ளக்கூடும் என்பதற்காக அவர்களே செய்துகொண்ட ஏற்பாடு அது. 2015 செப்டம்பர் 14 அன்று நிஜமான சைகை வந்தபோது, இது உள்ளே செலுத்தியதா என்பதுதான் அவர்கள் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று. இல்லை என்று உறுதியான பின்னும் அறிவிக்க ஐந்து மாதம் எடுத்துக்கொண்டார்கள்.

பிழை அளவைக் கூடவே எழுதுவதும் இப்படி ஒரு ஏற்பாடுதான். ஆனால் அதுவும் எல்லா நேரமும் காப்பாற்றாது. 1929ல் அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹப்புல், ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டுத் தூரத்துக்கும் விண்மீன் மண்டலங்கள் நம்மைவிட்டு விலகும் வேகம் நொடிக்கு சுமார் 500 கிலோமீட்டர் கூடுகிறது என்று கண்டார். ஒரு கணக்கில் 513, கூட்டல் கழித்தல் 60 என்று பிழையையும் ஒழுங்காகப் போட்டிருந்தார். இன்றைய மதிப்பு 70ஐ ஒட்டி. அவர் போட்ட பிழையைப் போல் ஏழு மடங்குக்கும் வெளியே நிற்கிறது உண்மை! அந்த 500ஐ வைத்துக் கணக்குப் போட்டால் பிரபஞ்சத்தின் வயது 200 கோடி ஆண்டு. பூமியின் பாறைகளோ அதைவிட மூத்தவை என்று கதிரியக்கக் கணக்கு சொன்னது. தாயைவிட மகளுக்கு வயது அதிகம். ஒரு முக்கியக் காரணம், தூரத்தை அளக்கப் பயன்பட்ட ஒருவகைத் துடிக்கும் நட்சத்திரங்களில் இரண்டு இனம் இருப்பது அவருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப்போரில் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் விளக்கணைத்து இருட்டில் கிடந்தபோது, மவுண்ட் வில்சன் தொலைநோக்கியில் வால்டர் பாடே அதற்கான அடித்தளத்தைப் பிடித்தார். ஜெர்மன்காரர் என்பதால் அவரைப் போர் வேலைக்கு எடுக்கவில்லை. தொலைநோக்கி அவர் கைக்கு வந்தது. 1952ல் அவர் அறிவித்தபோது பிரபஞ்சத்தின் தூரமெல்லாம் ஒரே நாளில் இரட்டிப்பானது.

தெரிந்த பிழையைத்தான் ஒருவர் கணக்கில் போட முடியும். தெரியாத பிழையைப் பிடிக்க, முற்றிலும் வேறு வழியில் அளக்கும் வேறொருவர் வேண்டும். இப்போதும் அந்தச் சண்டை ஓய்ந்தபாடில்லை. பழைய ஒளியை வைத்துக் கணக்கிட்டால் ஹப்புலின் அந்த எண் 67.4, நட்சத்திரங்களை வைத்து நேரடியாக அளந்தால் 73. இரு பக்கமும் சொல்லும் பிழை அளவுகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. 1380 கோடி ஆண்டு என்பது இதனால் கொஞ்சம் முன்பின் ஆகலாம். திரும்பவும் 200 கோடி ஆகாது. மிகப் பழைய நட்சத்திரங்களின் வயதைத் தனியாகக் கணக்கிட்டாலும் ஆயிரம் கோடியைத் தாண்டித்தான் வருகிறது. எந்த இலக்கம் ஆடும், எது ஆடாது என்று தெரிந்துகொண்டு பேசுவதை 'அடித்துப் பேசுவது' என்று சொல்ல முடியாது.

உண்மையிலேயே எட்டாத இடங்களும் உண்டு. விரிவு இப்படியே வேகமெடுத்துக்கொண்டிருந்தால், சுமார் 1600 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இந்தக் கணத்தில் நடப்பதன் ஒளி நம்மை ஒருநாளும் வந்தடையாது. நமக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு பிரபஞ்சம், ஒப்பிட இன்னொன்று இல்லை. இங்கே விஞ்ஞானிகளே எட்டாது என்கிறார்கள். ஏன் எட்டாது, எந்த அனுமானத்தின் பேரில் எட்டாது என்று கணக்கோடு சொல்கிறார்கள்.

கடைசியாக, அந்த 95 சதவீதத்தைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1970ல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமிடா மண்டலத்தை அளந்தபோது, வெளி ஓரத்தில் இருப்பவையும் உள்ளே இருப்பவற்றுக்கு இணையான வேகத்தில் சுற்றுவது தெரிந்தது. மறுபடி அதே இரண்டு வழிகள்: தெரியாத பொருள் இழுக்கிறது, அல்லது ஈர்ப்பு விதி மாற வேண்டும். இது நெப்டியூனா வல்கனா? ரூபினே, தன் விருப்பத்தைக் கேட்டால் விதி மாறுவதைத்தான் விரும்புவேன் என்று சொன்னவர். 1983ல் மில்க்ரோம் என்ற இயற்பியலாளர் விதியை மாற்றிக் காட்டினார். தனித்தனி மண்டலங்களுக்கு அது ஆச்சரியமாகப் பொருந்துகிறது. மண்டலக் கொத்துகளுக்கும் பழைய ஒளியின் திட்டுகளுக்கும் வரும்போது திணறுகிறது. இரண்டு கொத்துகள் மோதிய ஒரு இடத்தில், சாதாரண வாயு நடுவில் தேங்கி நிற்க, ஈர்ப்பு மட்டும் தாண்டிப் போயிருப்பதை 2006ல் காட்டினார்கள். ஆகவே கரும்பொருள் நெப்டியூன் ரகம் என்றுதான் பந்தயம் கட்டுவேன். அதே நேரம், தெற்கு டகோட்டாவில் பழைய தங்கச் சுரங்கத்தில், ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், 10 டன் திரவ செனானை வைத்துக்கொண்டு அந்தத் துகளுக்காகக் காத்திருக்கிறார்கள். உறுதியாக ஒன்றும் சிக்கவில்லை. இதே போன்ற கருவிகளும் துகள் மோதல் சோதனைகளும் இன்னும் பல பத்தாண்டுகள் வெறுங்கையோடு திரும்பினால் என் பந்தயத்தை மாற்றிக்கொள்வேன்.

கரும் ஆற்றல் விஷயத்தில் பந்தயமே கட்ட மாட்டேன். அது காலத்தால் மாறாத மாறிலி என்றுதான் 1998லிருந்து பெரும்பாலோர் வைத்துக்கொண்டிருந்தார்கள். அரிசோனாவின் கிட் பீக்கில் லட்சக்கணக்கான மண்டலங்களின் தூரத்தை அளக்கும் டெசி குழு, அது காலப்போக்கில் பலவீனமாகிக்கொண்டு வருவது போல் தெரிகிறது என்று 2024லும், இன்னும் கொஞ்சம் வலுவாக 2025 மார்ச்சிலும் சொல்லியிருக்கிறது. ஒரு முடிவு தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதை சிக்மா என்ற அளவில் சொல்வார்கள், கண்டுபிடிப்பு என்று அறிவிக்க இந்தத் துறையில் வழக்கமாகக் கேட்பது 5 சிக்மா. எந்தத் தரவோடு சேர்த்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2025 மார்ச்சில் கையில் இருந்தது 2.8லிருந்து 4.2 வரை. அதனால்தான் அவர்கள் அதைக் கண்டுபிடிப்பு என்று அழைக்காமல், அறிகுறி என்று எழுதிவிட்டு அடுத்த தரவுக்குப் போயிருக்கிறார்கள்.